உடும்பு வேண்டாம், தோல் போதும்

பேராக்கில் ஆற்றுக்குப் பஞ்சமே இல்லை. மலாய்க்காரர்கள் ஆற்றைச் ‘சுங்காய்’ என்பார்கள். வரைபடத்தை விரித்தால் சுங்காய் அது, சுங்காய் இது என்று பக்கம் கொள்ளாது. ஆனாலும் ஈப்போவுக்கு வடக்கே பிறந்த தமிழனிடம் எந்த ஊர் என்று கேட்டால் ‘சுங்காய்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வான். ‘சிப்புட்’ என்ற மீதியை ஆவணங்களுக்கு விட்டுவிடுவான். சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆற்றங்கரைக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள யாருக்கு ஆசை?

1948 ஜூன் 16-ஆம் தேதி தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் பிறந்தது. அன்றுதான் உலகம் எங்கள் ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டது. கர்நாடக சங்கீத உலகம் இன்றுவரை கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டிருக்க வேண்டும். அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் புதிய வாத்தியம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, மறுநாள் காலையே பறிமுதல் செய்யப்பட்டது. பறிமுதல் செய்தவர் மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர். கண்டுபிடித்தவன் நான். வயது பன்னிரண்டு.

என் வழக்கை எடுத்துவைக்கும் முன், எனக்கு முன்னால் இதே குற்றத்தைச் செய்து மாலை வாங்கிக்கொண்டவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சபாவில் முன்வரிசையில் உட்காருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மேடையில் இருக்கும் எல்லா வாத்தியமும் தேவலோகத்திலிருந்து நேராக மயிலாப்பூரில் இறங்கியவை. வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் சரஸ்வதி மடியில் வீணை, வீணையில் வரிசையாக மெட்டுகள். அந்த மெட்டுகளை இருபத்துநாலாக்கி அசையாமல் பதித்த கதை 17-ஆம் நூற்றாண்டில், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் தர்பாரில் நடந்தது. அதற்கு முன் அந்த அம்மாள் எதை வாசித்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டால் அடி விழும். நான் கேட்டேன். விழுந்தது.

அடுத்தது வயலின். இன்று வயலின் இல்லாமல் கச்சேரி ஏது? ஆனால் இது வந்த வழி கொல்லைப்புறம்கூட இல்லை, கோட்டை வாசல். மணலியில் கும்பினிக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஒரு முதலியார் குடும்பம், ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்துவந்தது. துபாஷி என்றால் எங்கள் பாஷையில் கிராணி. துரை சொல்வதைத் தமிழில் சொல்லுவார், நாம் சொல்வதை இங்கிலீஷில் பாதியாகச் சொல்லுவார். அவர் தயவில் தீட்சிதர் பிள்ளைகள் சென்னைக் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரப் பாண்டு வாத்தியம் கேட்டார்கள். மூத்தவர் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் வார்த்தை போட்டு நோட்டுஸ்வரம் ஆக்கினார். தம்பி பாலுசுவாமி (1786–1859) மெட்டோடு நிற்கவில்லை. வாத்தியத்தையே கேட்டுவிட்டார். ஒரு வெள்ளைக்காரரிடம் மூன்று வருஷம் பாடம்.

தோட்டத்தில் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? கிராணி தயவில் பங்களாவுக்குப் பியானோ கேட்கப் போன பையன், திரும்பும்போது பியானோவையும் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி.

வயலினுக்கு இங்கே நடந்த மாற்றங்களில் முதன்மையானது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மோவாய்க்கும் தோளுக்கும் நடுவில் திணறிக்கொண்டிருந்த பெட்டியை நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் சாய்த்தார்கள். கை இரண்டும் விடுதலையாகிக் கமகம் வழுக்கியது. தந்திகளை ஸ–ப–ஸ–ப என்று மாற்றிக் கட்டினார்கள். அவ்வளவுதான், ஞானஸ்நானம் முடிந்தது. 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா, தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தில் வயலின் பரிசளித்தார். இரண்டு தலைமுறைக்குள் பாண்டுக்காரன் வாத்தியம் அரண்மனைப் பரிசாகிவிட்டது. இதையெல்லாம் யாரும் பறிமுதல் செய்யவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஆனால் என் குலதெய்வம் பாலுசுவாமி அல்ல. அவருக்காவது அண்ணன் இருந்தார், முதலியார் இருந்தார். என் ஆள் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922). அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் வேலை என்பார்கள். சமஸ்தானத்தில் யார் பாடினாலும் ஆடினாலும் வெளிச்சம் இவர் கையில்தான். கச்சேரியில் ராஜாவுக்கு வலப்பக்கம் இருப்பவர்களுக்கு ராஜா தெரிவார், பாடகர் தெரியமாட்டார். விளக்குக்காரருக்கு எல்லாம் தெரியும். யார் தாளம் விட்டார், யார் விட்டதை மறைத்தார் என்பது உட்பட.

அவர் மாரியப்பத் தவில்காரரிடம் போய் லயம் கற்றார். தவில் கற்றவன் தவில் வாசித்துவிட்டுப் போகலாம். இவருக்குப் போதவில்லை. பஜனைக் கோஷ்டிகளில் ‘ஜல் ஜல்’ என்று தட்டிக்கொண்டு தெருச் சுற்றிய கஞ்சிரா என்ற ஒரு சின்ன வாத்தியத்தின்மேல் கண் வைத்தார். பலாமரத்தில் கடைந்த வளையம், ஒரு சாண் அகலம்கூட இருக்காது. ஒரு பக்கம் தோல், மறுபக்கம் வெறும் காற்று. ஓரத்தில் துளை போட்டுக் காசு செருகியிருக்கும். தெருவில் அது பக்தர்களின் ஆவேசத்துக்குத் துணை. அதைக் கொண்டுவந்து மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன?

நினைத்துப் பாருங்கள். மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கை, நடுவில் கரணை, வார், முட்டு என்று ஏகப்பட்ட குடும்பம். இந்தப் பக்கம் ஒரு தோல், வாசிக்க ஒரே கை. இடக்கை அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கீழே விழுந்துவிடும். அந்தப் பிடித்திருக்கும் கையின் விரலால் தோலின் விளிம்பை அமுக்கினால் ‘கும்’ என்பது ‘கூஉம்ம்’ என்று வளையும். தோலின் உட்புறம் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவினால் சுருதி இறங்கி அடிவயிற்றிலிருந்து பேசும். தண்ணீர் அதிகமானால் ஈரத்துணியைத் தட்டியது போல் இருக்கும், குறைந்தால் அப்பளத்தைத் தட்டியது போல் இருக்கும். ஆகவே கஞ்சிரா வித்வான் என்பவர் பாதி லயக்காரர், பாதி தண்ணீர் இலாகா.

இத்தனை சின்ன வட்டத்துக்குள் பிள்ளை கணக்கு வைத்தார். கோர்வை, மோரா, குறைப்பு என்று எண்கள் உருண்டன. பெரிய மிருதங்க வித்வான்கள் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்குக்காரர் வெளிச்சத்துக்கு வந்துவிட்டார். அவரிடம் கற்ற புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936), பழனி முத்தையா பிள்ளை வழியாக ஒரு பெரிய பரம்பரையே கிளம்பிற்று. மான்பூண்டியா பிள்ளைக்குப் பிறகு வந்த ஹரிசங்கர் (1958–2002) வாசித்ததைக் கேட்டவர்கள், ஒரு கையால் இவ்வளவா என்று இன்றும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிப் பேசுவார்கள்.

இனி தோலைப் பற்றி. அது உடும்புத் தோல்.

இங்கேதான் எனக்குப் புதுக்கோட்டைமேல் பொறாமை வரும். எங்கள் தோட்டத்தில் உடும்பு இரண்டு வகை. பிடிபட்டது, பிடிபடாதது. பிடிபட்டது மாலைக்குள் மிளகு அரைத்த குழம்பில் இருக்கும். இழுப்புக்கு நல்லது, முதுகுவலிக்கு நல்லது, தண்ணிக்கும் நல்லது என்று மூன்று கட்சிகள் சட்டியைச் சுற்றி உட்காரும். தோலை உரித்துக் கால்வாயில் வீசுவார்கள். புதுக்கோட்டையில் தோலை மேடையேற்றினார்கள். நாங்கள் கறியை வயிற்றில் ஏற்றித் தோலை ஆற்றில் விட்டோம். பேராக் மாநிலத்தில் இப்படி எத்தனை கஞ்சிரா தண்ணீரோடு போயிற்றோ! உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. எங்கள் ஆட்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: கை போனாலும் பரவாயில்லை, உடும்பு வேண்டும்.

உடும்பின் தரப்பில் கடைசியில் சட்டம் வந்தது. 1972-இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். இப்போது ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கிறார்கள். பழைய ஆட்கள் ‘அந்த நாதம் வருமா’ என்கிறார்கள். உடும்பைக் கேட்டிருந்தால் ஆட்டுத்தோலின் நாதமே அருமை என்று சொல்லியிருக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்குக் கஞ்சிராவெல்லாம் பெயராகத்தான் தெரியும். நாங்கள் நேரில் பார்த்த பெரிய வாத்தியம் நாயனம். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நாயனக்காரர் வருவார். முதல்நாள் இரவே லயத்து வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்து அவர் சுருதியை அலசுவார்கள். ‘இவரு ரெண்டரைக் கட்டை. பளைய ஆளு நாலரைக் கட்டையில ஊதுவாரு, நெரை முச்சூடும் கேக்கும்.’ நெரை என்றால் ரப்பர் மர வரிசை. எனக்குத் தெரிந்த கட்டை ரப்பர் கட்டை. நாலரை ரப்பர் கட்டையை ஒரு மனிதன் எப்படி வாயில் வைத்து ஊதுவான் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பிறகு விவரம் தெரிந்தது. கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டை. முதல் வெள்ளை ஒன்று, அடுத்த வெள்ளை இரண்டு, நடுவில் நிற்கும் கறுப்பு அரை. இதில் ஒரு வேடிக்கை. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியம் நம் சங்கீதத்துக்கு ஆகாது என்று விரட்டி, 1971 வரை உள்ளே விடவில்லை. அந்த முப்பது வருஷமும் பாடகர்கள் தங்கள் சுருதியை எதில் அளந்தார்கள்? ஆர்மோனியக் கட்டையில்தான். மாப்பிள்ளையை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள், மாப்பிள்ளை பெயரைச் சொல்லித்தான் கடையில் கடன் வாங்குவார்கள்.

பழைய நாயனத்துக்குத் திமிரி என்று பெயர். பெயருக்கேற்ற குணம். குட்டையாக இருக்கும், கத்தும். சாமி புறப்பாட்டுக்கு அதுதான் சரி, நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் அல்லவா? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) அது பொருந்தவில்லை. அவருக்குப் பொருந்தாதவற்றின் பட்டியல் கொஞ்சம் நீளம். குடுமி பொருந்தவில்லை, கிராப்பு வெட்டிக்கொண்டார். மேல்துண்டை இடுப்பில் கட்டும் வழக்கம் பொருந்தவில்லை, ஷெர்வானி போட்டுக்கொண்டார். நடந்துகொண்டே ஊதுவது பொருந்தவில்லை, மேடை போடு என்றார். பக்கத்தில் ஒத்து ஊதுவது பொருந்தவில்லை, தம்புராவைக் கொண்டுவந்து வைத்தார். 1940-இல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவே நின்றார். எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். இப்பேர்ப்பட்டவர் குட்டை நாயனத்தின் உச்சஸ்தாயிக் கத்தலை எத்தனை நாள் பொறுப்பார்? தோடியை மணிக்கணக்கில் உருக்கிப் பாடுகிற மனிதருக்கு, பாடகரின் தொண்டை மாதிரி தணிந்த நாதம் வேண்டும்.

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் விவகாரம் போனது. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர். நாயனத்துக்கு மரம் ஆச்சா. அதுவும் பச்சை மரம் ஆகாது, பழைய வீட்டின் உத்திரமாக ஆண்டுக்கணக்கில் வெயில் மழை பார்த்த கட்டைதான் நாதம் கொடுக்கும். ஆகவே அந்த வட்டாரத்தில் ஆசாரி ஒரு வீட்டுக்குள் நுழைந்து கூரையை அண்ணாந்து பார்த்தால், வீட்டுக்காரருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்பது என் ஊகம்.

ஆசாரி குழலை நீட்டினார். நீட்டினால் சுருதி இறங்கும், அது சுலபம். துளைகளின் இடம் தப்பும், அதுதான் சிக்கல். பழைய நாயனத்தில் சுத்த மத்தியமம் தானாக வராது. மூச்சாலும் உதட்டாலும் மிரட்டி வரவழைக்க வேண்டும். ஆசாரி அளந்து, கடைந்து, குடைந்து, எரித்து, மறுபடி கடைந்து, கடைசியில் அந்த மத்தியமம் தன் துளையில் தானே வந்து உட்காரும்படி செய்துவிட்டார். அதுதான் பாரி நாயனம். இரண்டரைக் கட்டை, இரண்டு கட்டை. இன்று நீங்கள் கல்யாணத்தில் கேட்பது அதைத்தான். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தோடு எஸ். ஜானகி ஈடுகொடுத்துப் பாடினாரே, எங்கள் ஊர் ஆட்கள் அந்த ஒரு பாட்டுக்காகவே படத்துக்கு மறுபடி மறுபடி போனார்களே, திமிரியின் உயரத்தில் அது நடந்திருக்குமா? 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஊதியவருக்குச் சக்கரவர்த்திப் பட்டம், குடைந்தவரின் ஊருக்கு முத்திரை. தாமதமானாலும் பரவாயில்லை.

இப்போது என் வழக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஜலதரங்கம் கேட்டேன். பீங்கான் கிண்ணங்கள், உள்ளே தண்ணீர், குச்சியால் தட்டினால் ஸ்வரம். தண்ணீரைக் கூட்டினால் சுருதி இறங்கும். அறிவிப்பாளர் இதைச் சொல்லி முடிக்குமுன் நான் வாசலைத் தாண்டிவிட்டேன். ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் பீங்கான் கிண்ணத்துக்கா குறைச்சல்? ஒவ்வொரு பால்மரத்தின் இடுப்பிலும் கம்பியில் ஒரு மங்கு தொங்குகிறது. பாலுசுவாமிக்குக் கோட்டை என்றால் எனக்கு நெரை.

சாயங்காலம், அம்மா வெட்டும் நெரையில் ஏழு மங்கு கழற்றினேன். லயத்துக்குப் பின்னால் வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இங்கே முதல் ஏமாற்றம். ஜலதரங்கத்துக்காரர்களின் கிண்ணம் பெரிதும் சின்னதுமாக இருக்கும். கம்பெனி வாங்கும் மங்கு எல்லாம் ஒரே அளவு. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஏழு மங்கில் மூன்று ஸ்வரம்தான் தேறியது. மூன்று ஸ்வரத்தில் என்ன ராகம் வரும்? ஐஸ்காரன் மணிதான் வரும்.

இரண்டாவது, தண்ணீர் நிற்கவில்லை. கோழி வந்து காந்தாரத்தைக் குடித்துவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் மின்னல் அடித்தது. தண்ணீர் ஊற்றுவதால்தானே ஆவியாகிறது, சிந்துகிறது, கோழி குடிக்கிறது? உறைகிற திரவத்தை ஊற்றினால்? ரப்பர்ப் பாலை ஊற்றி உறைய விட்டால் சுருதி ஒருமுறை சேர்த்ததுதான், ஆயுளுக்கும் அசையாது. வீணைக்கு மெட்டைப் பதித்தானே நாயக்கன், அதே யோசனை. ‘பால்தரங்கம்’ என்று பெயர்கூட வைத்துவிட்டேன். வாளியில் மிச்சமிருந்த பாலை மங்குகளில் அளந்து ஊற்றினேன். ஆசிட் கலந்தால் சீக்கிரம் உறையும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஸ்டோர் பக்கம் போய் அதையும் கொண்டுவந்தேன்.

காலையில் எழுந்து குச்சியை எடுத்துத் தட்டினேன்.

தொப்.

ஷட்ஜமும் தொப், பஞ்சமமும் தொப். ஏழு கட்டிப்பாலும் ஏழு மங்கில் கல்லாட்டம் உட்கார்ந்து, நாற்றம் அடித்துக்கொண்டு, நாதம் என்ற வார்த்தையையே கேள்விப்படாதவை போல் என்னைப் பார்த்தன. ஆதாரசுருதி என்று ஒன்று இருந்தது. அது தூரத்தில் மண்டோரின் குரல். விடிகாலை இருட்டில் அம்மா வழக்கம்போல் மரத்தைக் கீறிக்கொண்டே போயிருக்கிறார். ஏழு மரத்தில் மங்கு இல்லாததை விளக்கு வெளிச்சத்தில் கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தால் ஏழு மரத்தின் பாலும் புல்லுக்கு.

மண்டோர் லயத்துக்குப் பின்னால் வந்து வரிசையைப் பார்த்தார்.

‘என்னாடா இது?’

‘ஜலதரங்கம்ங்க ஐயா.’

‘ஜலம் எங்கடா?’

நியாயமான கேள்வி. இன்றுவரை என் வாத்தியத்தைப் பற்றி வந்த ஒரே இசை விமர்சனமும் அதுதான். அம்மாவுக்கு அரை நாள் சம்பளம் வெட்டு. எனக்கு விளக்குமாற்றால் ஆதி தாளம், இரண்டு காலத்தில். மறுநாள் கிராணி வீட்டுவரை செய்தி போய், ஒரு மாதத்துக்கு என் பெயரே பால்தரங்கம் ஆயிற்று. மான்பூண்டியா பிள்ளைக்கு ஒரு மண்டோர் வாய்த்திருந்தால் கஞ்சிராவின் கதியும் இதுதான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள், ஆட்கள் டவுனுக்குப் போனார்கள். நான் ஈப்போவுக்கு வந்தேன். வரும்போது ஒரு மங்கை எடுத்து வந்தேன். பிரஷுக்கும் பேஸ்ட்டுக்கும் இத்தனை வருஷமாக அதுதான் வீடு.

சில வருஷத்துக்கு முன் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில் கச்சேரி. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். தொண்டர்களில் நானும் ஒருவன், மேடைக்குத் தண்ணீர், காப்பி என் பொறுப்பு. ஏர்கான் பனிக்கட்டி மாதிரி ஊதியதில் கஞ்சிராத் தோல் விறைத்துவிட்டது. வித்வான் மேடையிலிருந்து குனிந்து, ‘ஐயா, கொஞ்சம் தண்ணி வேணுமே, கிண்ணத்துல’ என்றார். பிளாஸ்டிக் கப்பு பக்கத்திலேயே இருந்தது. நான் காருக்கு ஓடினேன். அன்று காலைதான் அந்த மங்கைத் தேய்த்துக் கழுவி, கோயிலில் பூப் போட்டு வைக்கலாம் என்று பையில் போட்டிருந்தேன். அப்படித்தான் மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

அவர் விரலை நனைத்துத் தோலின் உட்புறம் தடவினார். தட்டிப் பார்த்தார், இன்னொரு சொட்டு விட்டார். கையை உதறும்போது நகம் மங்கின் விளிம்பில் பட்டது. டிங்ங் என்று நின்று ஒலித்தது. அவர் புருவத்தை உயர்த்தினார். மறுபடி ஒருமுறை வேண்டுமென்றே சுண்டினார். தம்புராப் பக்கம் காதைச் சாய்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

‘நல்லா இருக்கே! இது என்ன கட்டைங்க?’

‘ரப்பர்க் கட்டைங்க’ என்றேன்.